கோட்டுக்கு அங்காலை நில்லுங்கோ

அவள் கொம்பியூட்டர் திருத்த வந்தால் பையுக்குள்ளயிருந்து முதல்ல எடுக்கிறது வெண்கட்டி. மேசையைச் சுத்தி நிலத்தில ஒரு கோடு கீறுவாள். கீறிப்போட்டு நிமிர்ந்து, கடைக்காரி எண்டும் பாராமல், "கோட்டுக்கு அங்காலை நில்லுங்கோ அக்கா" எண்டுவாள். என்ர கடை, என்ர மேசை, எனக்கே எல்லை! முதல் தரம் வந்த கோவத்துக்கு அந்த வெண்கட்டியைப் பறிச்சு றோட்டில எறிஞ்சிருப்பன். எறியேல்லை. அவளின்ர முகத்தைப் பாத்தன், அதில விளையாட்டு ஒரு துளியும் இல்லை. பேசாமல் அங்காலை போய் நிண்டன்.

அவளின்ர பெயரை இதில போடமாட்டன். போட்டால் அவளுக்குப் பிடிக்காது. மன்னார் ரவுணில அந்த நேரம் கொம்பியூட்டர் வைச்சிருந்த ஆக்களுக்கு, "கோடு கீறுற பிள்ளை" எண்டால் போதும், ஆளைத் தெரியும்.

நான் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஸ்டூடியோ வைச்சிருக்கிறன். கலியாணம், முதல்நன்மை, சாமத்திய வீடு, செத்தவீடு எண்டு எல்லாத்துக்கும் கமராவைத் தூக்கிக்கொண்டு போற பொம்பிளை. வாய் கொஞ்சம் நீளம். பொறுமை எண்டால் என்னெண்டே தெரியாது. பானைக்குள்ள சோறு வேகிறதுக்கு முதல் மூடியை நாலு தரம் திறந்து பாக்கிற சாதி நான். அவளோ ஒரு ஆணியைக் கழட்ட ஐந்து நிமிசம் எடுப்பாள். கழட்டின ஆணியைக் கடதாசியில வைச்சு, எந்த ஓட்டையிலயிருந்து வந்தது எண்டு பக்கத்தில எழுதுவாள். "பிள்ளை, உதென்ன பிரேத பரிசோதனையே?" எண்டு கேட்டால் சிரிக்கமாட்டாள்.

கொம்பியூட்டர் வேலைக்கு வாறதுக்கு முதல் அவள் ஆறேழு வருசம், மன்னார்த் தீவுக்கு வெளியில பெருநிலப் பக்கம் வயல்களில கண்ணிவெடி எடுத்தவள். முழங்காலில இருந்து, முகத்துக்குக் கண்ணாடி மூடி போட்டுக்கொண்டு, நிலத்தை விரல் அளவு விரல் அளவாத் தோண்டுற வேலை. அங்கை வேலை குறையக் குறைய ஆக்களை நிப்பாட்டினாங்கள். அவள் கொம்பியூட்டர் திருத்தப் படிச்சாள். படிச்சது புதுசு, பழக்கம் பழசு. கதிரை குடுத்தால் இருக்கமாட்டாள், நிலத்தில முழங்கால் குத்தித்தான் வேலை. காத்தாடித் தூசை ஒரு மெல்லிய தூரிகையால தட்டுவாள், அது மண் தட்டின தூரிகை. ஐம்பது நிமிசம் வேலை செய்தால் பத்து நிமிசம் எழும்பிப் போய்த் தண்ணி குடிப்பாள். வீடு பத்தி எரிஞ்சாலும் அந்தப் பத்து நிமிசம் பத்து நிமிசம்தான். களைச்ச கை பொய் சொல்லுமாம்.

ஒருக்கா ஒரு அரச கந்தோரில பெரியவரைக் கோட்டுக்கு அங்காலை நிப்பாட்டிப்போட்டாள். அந்தாள் சிங்களத்திலயும் தமிழிலயும் மாறி மாறிக் கத்தினவராம். அவள் கையைக் கட்டிக்கொண்டு எழும்பி நிண்டவளாம், அவர் கத்தி முடிக்குமட்டும். பிறகு அவராப் போய் அங்காலை நிண்டாராம். எங்கட பங்கு ஃபாதரும் ஒருநாள், "ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார், நீ கெதியாச் செய் பிள்ளை" எண்டு சொல்ல, "ஆண்டவர் பாக்கட்டும் ஃபாதர், நீங்கள் தள்ளி நில்லுங்கோ" எண்டிருக்கிறாள். ஃபாதர் இண்டைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இதெல்லாம் பறுவாயில்லை. எனக்கு விசர் கிளப்பினது வேற ஒண்டு. அவளின்ர வாயில "சரி" எண்ட சொல் வராது. வேலை முடியும், ஸ்கிரீன் பளிச்செண்டு எரியும், நான் கேப்பன்.

"சரியா பிள்ளை?"

"இப்ப தெரியுது அக்கா."

"இப்ப தெரியுது எண்டால்? நாளைக்குத் தெரியாதே?"

"நாளைக்கு நாளைக்குப் பாப்பம்."

சொல்லிப்போட்டு முழங்காலில இருந்தபடி அரை மணித்தியாலம் ஸ்கிரீனையே பாத்துக்கொண்டிருப்பாள். பாம்புப் புத்தைப் பாக்கிற பார்வை. நல்லா ஓடுற கொம்பியூட்டருக்குப் பக்கத்தில, வெடிக்கப்போகுதோ எண்டு நானும் பயந்துகொண்டு நிப்பன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வாறன்.

விடத்தல்தீவில ஒரு பிள்ளைக்குக் கலியாண வீடியோ எடுத்தனான். மாப்பிள்ளை வெளிநாடு, மூண்டு கிழமை லீவில வந்து தாலி கட்டிப்போட்டுப் போயிட்டார். பிள்ளையைக் கூப்பிட விசாவுக்குப் போட, பத்துப் படம் காணாது, இது உண்மையான கலியாணம் எண்டு நம்பமாட்டம் எண்டு திருப்பிப்போட்டாங்கள். கடைசியா ஒரு தரம் கேக்கலாம், கோயில் தொடக்கம் பெண் அனுப்புற வரைக்கும் வெட்டாத வீடியோ முழுக்க வேணும் எண்டு சட்டத்தரணி சொன்னவர். வெள்ளிக்கிழமை காலமை கொழும்பில குடுக்கோணும். அதை விட்டால் இன்னும் எத்தினை வருசமோ. மாப்பிள்ளைக்கு இனி லீவும் இல்லை.

நானோ மூண்டு மாசமா, "அடுத்த கிழமை தாறன் அம்மா" எண்டு பிள்ளையின்ர தாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஸ்டூடியோக்காரரின்ர வியாதி அது. அதைவிடப் பெரிய பிழை ஒண்டும் செய்திருந்தன். கமராவில இருந்து வீடியோவைக் கொம்பியூட்டருக்கு ஏத்தின கையோட கமராக் கார்ட்டை அழிச்சுப்போட்டு அடுத்த கலியாணத்துக்குப் போனனான். எல்லா ஸ்டூடியோவிலயும் அப்பிடித்தான் செய்யிறது. அப்ப அந்தக் கலியாணம் உலகத்தில ஒரேயொரு இடத்திலதான் இருந்தது, என்ர கொம்பியூட்டருக்குள்ள.

அந்த நேரம் பாத்து ஸ்கிரீனில கோடு கோடா விழத்தொடங்கிச்சு. படத்தைக் காட்டுற கிராபிக்ஸ் கார்ட் பழுது. தாய்க்கும் அதைச் சொல்லவேண்டி வந்துது. கொழும்பில இருந்து பஸ்ஸில ஒரு பாவிச்ச கார்ட் எடுப்பிச்சன். நானே கழட்டி, நானே பூட்டி, அதுக்கு வேண்டிய டிரைவரை இணையத்தில இருந்து இறக்கி, ஸ்கிரீனில கேள்வியோட வந்த பெட்டியெல்லாத்தையும் வாசிக்காமல் ஓம், ஓம், ஓம் எண்டு அமத்திக்கொண்டு போனன். டிரைவர் எண்டால் கச்சேரிக் கந்தோரில எங்களுக்கும் சிங்களம் பேசுற உத்தியோகத்தருக்கும் நடுவில நிண்டு பாசை மாத்திச் சொல்லுற ஆளைப்போல. கொம்பியூட்டர் சொல்லுறதைக் கார்ட்டுக்கு விளங்கப்படுத்திறது அதுதான். பழைய கார்ட்டின்ர ஆளை எழுப்பி அனுப்பாமல் புது ஆளையும் கொண்டுவந்து இருத்திப்போட்டன். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கதைச்சால் என்ன நடக்கும்?

ஸ்கிரீன் கறுத்துப்போச்சு.

நிப்பாட்டித் திரும்பப் போட்டன். எழும்பி வரும், பிறகு கறுப்பு. திரும்பவும் நிப்பாட்டினன். கறுப்பு. கோதாரி விழுவான் எண்டு மேசையில அடிச்சன். எத்தினையாம் தரமோ, நீலமா ஒரு பக்கம் வந்து, திருத்தவா, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடவா எண்டு கேட்டுது. கார்ட் வித்த கொழும்புக்காரனுக்கு ஃபோன் அடிச்சன். "அழிச்சுப் புதுசாப் போடுங்க, அரை மணித்தியால வேலை" எண்டான். அவனுக்கு என்ன, அவனின்ர மகளின்ர கலியாணமே?

பயத்தில எனக்கு மூளை வேலை செய்யேல்லை. வீடியோ அதுக்குள்ள கிடக்கெண்டு தெரியும். தெரிஞ்சும் கை அந்த 'அழி' எண்ட சொல்லுக்கு மேல போய் நிண்டுது. எப்பிடியாவது அந்தக் கறுப்புப் போனால் காணும் எண்ட மாதிரி.

"கையை எடுங்கோ."

வாசலில அவள். காலமையே ஃபோன் எடுத்துக் கூப்பிட்டிருந்தனான், மறந்துபோனன். கத்தேல்லை, மெதுவாத்தான் சொன்னாள். ஆனால் நான் சூடு பட்டமாதிரிக் கையை எடுத்தன். அவளுக்குப் பின்னால கலியாணப் பிள்ளையின்ர தாய் நிண்டா. விடத்தல்தீவால முதல் பஸ்ஸில வந்தவவாம்.

கோடு கீறினாள். நானும் தாயும் அங்காலை. ஒரு கொப்பியை விரிச்சாள்.

"கடைசியா என்ன செய்தனீங்கள்?"

"சுவிச்சுக் கட்டையை அமத்தி நிப்பாட்டினன்."

"எத்தினை தரம்?"

"ரெண்டு மூண்டு..."

பாத்தாள்.

"ஏழெட்டு இருக்கும்" எண்டன்.

"அதுக்கு முதல்?"

"டிரைவர் போட்டன்."

"பழையதை எடுத்துப்போட்டோ?"

"இல்லை."

"அதுக்கு முதல்?"

இப்பிடியே கேட்டுக் கேட்டு, கீழயிருந்து மேல எழுதிக்கொண்டு போனாள். "வந்த வழியாலதான் திரும்பிப் போகோணும் அக்கா. குறுக்கால பாயேலாது" எண்டாள். வயரைச் சுவரில இருந்து கழட்டினாள். கொம்பியூட்டர்ப் பெட்டியைச் சரிச்சுப் படுக்க வைச்சாள். புதுக் கார்ட்டுக்குக் கரண்ட் குடுக்கிற வயர் அரைவாசிதான் ஏறியிருக்கு எண்டு விரலால காட்டினாள். அது சூடாகி உருகியிருந்தால் கடையும் சேந்து போயிருக்கும்.

புதுசைக் கழட்டி, பழைய கார்ட்டைத் திரும்பப் பூட்டினாள். கோடு விழுந்தாலும் அதில படம் தெரியும்தானே. இனி சுவிச்சைப் போடுறதுதான் மிச்சம். விரல் சுவிச்சுக்குக் கிட்டப் போச்சு. மணிக்கூட்டைப் பாத்தாள். எழும்பினாள்.

"பத்து நிமிசம்."

"அடியேய், இப்பவா!" எண்டு நான் குழறினன். அவள் பாட்டுக்குத் தண்ணிப் போத்திலைத் திறந்தாள்.

தாய் பாவம், என்னைத் தேத்துறா. "விடுங்கோ தங்கச்சி, பிள்ளை களைச்சுப்போனா. இது பிழைச்சாலும் கமராவில இருக்குத்தானே. நீங்கள் அண்டைக்குச் சொன்னனீங்கள்தானே."

அண்டைக்குச் சொன்னனான்தான். மனுசி போன மாசம், "கமராவிலயும் வைச்சிருக்கிறீங்களோ?" எண்டு கேக்க, வாயில வந்தபடி "ஓம் ஓம்" எண்டனான்.

அவள் போத்திலை மூடினாள். என்னைப் பாத்துக் கேட்டாள். "இருக்கா?"

நான் தலையை ஆட்டினன். இல்லை எண்டு.

"அம்மாவுக்குச் சொல்லுங்கோ."

"முடியட்டும் பிள்ளை, பிறகு..."

"இப்ப சொல்லுங்கோ. அடியில என்ன கிடக்கெண்டு தெரியாமல் நான் ஆரையும் பக்கத்தில நிக்க விடமாட்டன். நீங்கள் சொல்லுமட்டும் சுவிச் போடமாட்டன்."

நாப்பத்தாறு வயசில பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிண்டு சொன்னன். கமராவில இல்லை அம்மா. அழிச்சுப்போட்டன். இதுக்குள்ள இல்லையெண்டால் எங்கையும் இல்லை. அடிப்பா எண்டு நினைச்சன், அடிச்சிருந்தாலும் நல்லம்.

மனுசி சுவரைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டா. அதுவரைக்கும் நீங்கள் எண்டு கதைச்சவ, "நீ" எண்டு கேட்டா. "நீ என்னெண்டு என்ர முகத்தைப் பாத்து ஓம் எண்டனீ? என்ர பிள்ளை மூண்டு நாளாச் சாப்பிடேல்லை. கமராவில இருக்காம் எண்டு சொல்லித்தான் இண்டைக்குக் காலமை ஒரு வாய் தீத்திப்போட்டு வந்தனான்."

பிறகு அவளின்ர பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினா. "பிள்ளை, நீங்களாவது சொல்லுங்கோ. எல்லாம் சரிவரும் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன். பொய்யெண்டாலும் பறுவாயில்லை."

அவள் முழங்கால் குத்தி அவவுக்கு முன்னால இருந்தாள். "ஏலாது அம்மா" எண்டாள். அப்பதான் அந்தக் கதையைச் சொன்னாள். எனக்கெண்டு ஒருநாளும் சொல்லாத கதை.

"வயலில ஒருநாள் பின்னேரம், வேலை முடியிற நேரம். எனக்கு நல்லாக் களைச்சுப்போச்சு. எனக்குத் தந்த நிலத்துண்டில கடைசி ஒரு முழம் வடிவாப் பாக்கேல்லை. தூரத்தில நிண்டு பொறுப்பாளர், 'சரியா?' எண்டு கத்திக் கேட்டார். நான் 'சரி' எண்டன். அடுத்தநாள் காலமை அந்த இடத்தால என்ர சிநேகிதிதான் முதல்ல நடந்தவள். என்ர சொல்லை நம்பித்தான் கால் வைச்சவள். ஆள் இருக்கிறாள் அம்மா. வலது கால் இல்லை."

வெளியில பஸ்காரன் வவுனியா, வவுனியா எண்டு கத்திக்கொண்டிருந்தான். தாய் கையைக் கீழ விட்டா.

பத்து நிமிசம் முடிஞ்சுது. போய்ச் சுவிச்சைப் போட்டாள்.

காத்தாடி சுத்தினது கேட்டுது. கறுப்பு. இன்னும் கறுப்பு. எனக்குத் தெரிஞ்ச செபமெல்லாம் தலைகீழா வந்துது. பிறகு பெரிய பெரிய முரட்டு எழுத்தோட ஒரு பக்கம் வந்துது. தேவையில்லாத ஒண்டையும் எழுப்பாமல், ஆகக் குறைஞ்ச சாமானோட மட்டும் எழும்புற வழி அது. குறுக்கும் நெடுக்கும் கோடு. கோட்டுக்கு நடுவால அவள் என்ர வீடியோ ஃபோல்டர்களை ஒவ்வொண்டாத் திறந்தாள். விடத்தல்தீவுக் கலியாணம் கிடந்துது.

"கிடக்கு! கிடக்கு!" எண்டு நான் பாயப் போக, "நில்லுங்கோ" எண்டாள். டிரைவரைத் தொடேல்லை. முதல்ல வீடியோவுக்குப் பிரதி. ஒரு டிஸ்கில ஒண்டு, இன்னொரு டிஸ்கில ஒண்டு. நடுவில ரெண்டு தரம் கரண்ட் மங்கி, பட்டரிப் பெட்டி கீ கீ எண்டு கத்த, தாய் என்ர கையைப் பிடிச்சா. என்னோட கோவம் எண்டதையும் மறந்து, நகம் பதியப் பிடிச்சா. ரெண்டாவது டிஸ்க் முடிஞ்சபிறகு, அதைக் கழட்டித் தாயின்ர மடியில வைச்சாள். "இது உங்களிட்ட இருக்கட்டும் அம்மா. ஆரிட்டையும் குடுக்காதேங்கோ." ஆரிட்டையும் எண்டதில நானும் அடக்கம்.

பிறகுதான் டிரைவர் வேலை. பழையது, புதுசு ரெண்டையும் அடியோட எடுத்தாள். நிப்பாட்டி, புதுக் கார்ட்டைப் பூட்டி, அந்த வயரை 'டிக்' எண்டு கேக்க ஏத்தினாள். ஒரேயொரு டிரைவரைப் போட்டாள். வந்த பெட்டி ஒவ்வொண்டையும் வாய்க்குள்ள வாசிச்சு வாசிச்சு அமத்தினாள். திடீரெண்டு ஸ்கிரீன் கறுத்துது. "மாதாவே!" எண்டு தாய் கத்தினா. டிரைவர் ஏறேக்க ஒருக்காக் கறுத்துத்தான் வரும், அது எனக்கும் தெரியும். தெரிஞ்சும் நானும் அவவோட சேந்து கத்தினன்.

வந்துது. ஒரு கோடு இல்லை. கோயில் வாசலில அந்தப் பிள்ளை, தலையில முக்காட்டோட, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

தாய் கோட்டைத் தாண்டி ஓடிப்போய் அவளின்ர தோளைப் பிடிச்சு உலுப்பினா. கண்ணீர் கொட்டுது. "பிள்ளை, சரியா? இனிச் சரிதானே? சொல்லம்மா, சொல்லு!"

அவளின்ர வாய் திறந்தது. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். திறந்த வாய் அப்பிடியே நிண்டுது. பிறகு, "இப்ப தெரியுது அம்மா" எண்டாள். எழும்பி வெளியில போயிட்டாள்.

வீடியோவை நான் ஒண்டும் வெட்டாமல் வரிசையா அடுக்கி ரெண்டு நாளில முடிச்சுக் குடுத்தன். வியாழக்கிழமை ரயிலில தாயும் மகளும் போச்சினம். பிள்ளை இப்ப புருசனோட இருக்கிறாள், குழந்தையும் கிடைச்சிட்டுது. தாய் மட்டும் இண்டுவரைக்கும் என்ர கடைப் படி ஏறேல்லை. எனக்கு அது நல்லா வேணும்.

ஆனால் அண்டைக்கு அவள் வெளியில போன கையோட நானும் பின்னால போனன். மதிலோட நிண்டாள். தண்ணிப் போத்திலைத் திறக்கிறாள், குடிக்காமலே மூடுறாள். அவள் அப்பிடித் தடுமாறி நான் கண்டதேயில்லை.

"என்ன பிள்ளை, எல்லாம் நல்லாத்தானே முடிஞ்சுது?"

"வாயில வந்திட்டுது அக்கா. அந்த அம்மா அழுததைப் பாக்கேலாமல், 'சரி' எண்டு வாயில வந்திட்டுது. இன்னும் கொஞ்சம் எண்டால் சொல்லியிருப்பன்."

"சொன்னால் என்னடி? உண்மையாவே சரிதானே!"

"நான் இன்னும் ஒண்டும் பாத்து முடிக்கேல்லை அக்கா" எண்டாள். "இஞ்ச எல்லாரும் அழுகினம், அவசரப்படுகினம். இரக்கத்தில நான் ஒருநாள் சொல்லிப்போடுவன். வயலுக்குத் திரும்ப ஆள் எடுக்கிறாங்களாம். நான் போகப்போறன். அங்கை ஆரும் என்னட்டை அழமாட்டினம்."

எனக்கு ஈரல் கருகிப்போச்சு. "விசரி, கொம்பியூட்டர் பிழைச்சால் ஒரு கலியாண வீடியோ. அது பிழைச்சால்? உனக்குப் பயமில்லையே?"

"பயம்தான். நல்லாப் பயம். அது இருக்கிற வரைக்கும்தான் அக்கா நான் அங்கை நிக்கலாம்."

அடுத்த திங்கள் போனாள். எங்கையோ மணல் பக்கம் வேலையாம். வருசத்தில ஒருக்கா, நத்தாருக்கு, ஃபோன் எடுப்பாள். பிள்ளையளுக்காகச் செபிக்கிற தாய்மார் பயம் நீங்கோணும் எண்டுதான் மாதாவிட்டக் கேப்பினம். நான் ஞாயிற்றுக்கிழமையில முழங்காலில இருந்து, அவளுக்கு மட்டும் அது ஒருநாளும் நீங்கக்கூடாது எண்டு கேக்கிறன்.